மேடம் லைன்ல இருக்காங்க

அத்தியாயம் 14

"உன் ஊட்டுக்காரன் அந்த மேடத்தோட பேசறப்ப சிரிக்கிறான், கவனிச்சியா?"

போன வாரம் நாத்தனார் புஷ்பா போகிற போக்கில் போட்டுவிட்டுப் போன வார்த்தை. மீன்முள் தொண்டையில் சிக்கிய மாதிரி வரலட்சுமிக்கு அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கவனிக்காமல் என்ன? கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவள் அதைத்தானே கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

உத்தமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். கம்பெனி விட்டு வந்ததும் கொரட்டூர் வீட்டின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜாதகம் போட்டுக் கொடுப்பான், பயோடேட்டா அடித்துக் கொடுப்பான். தூசி படக்கூடாது என்று கம்ப்யூட்டரைப் பின்னறையில் வைத்திருந்தான். போனோ முன் ஹாலில், ஷோகேஸ் பக்கத்தில். அந்த ஒயர் பின்னறை வரைக்கும் எட்டாது.

அதனால் பிரிண்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் உத்தமன் ஹாலுக்கும் பின்னறைக்குமாக ஓடுவான். போனில், கம்ப்யூட்டர் விற்ற பூந்தமல்லி கம்பெனியின் குல்ஷன் மேடம் இருப்பாள்.

"சரிங்க மேடம். ஸ்டார்ட்டை அமுக்கிட்டேங்க மேடம். ஒரு நிமிஷம் இருங்க மேடம், பார்த்துட்டு வந்து சொல்றேன்."

அந்த 'மேடம்' என்ற வார்த்தைக்கு மட்டும் அவன் பவுடர் போட்டுப் பொட்டு வைத்து அனுப்புகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் வரலட்சுமிக்குக் கிடைத்தது 'ஏய்', 'இந்தா', கோபம் வந்தால் 'இன்னா முழிக்கிற?'. அவ்வளவுதான்.

அவன் பேசும்போது அவள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிடுவாள். குக்கர் சத்தம் கூடக் குறுக்கே வரக்கூடாது. ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். எதற்காவது சிரிக்கிறானா, எங்கேயாவது குரல் இறங்குகிறதா என்று கேட்பாள். ஒன்றும் இருக்காது. ஸ்டார்ட், செட்டிங்ஸ், பிரிண்டர்ஸ், அது இது என்று போய்க்கொண்டே இருக்கும். அதிலேயே ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும்.

இன்று சனிக்கிழமை. உத்தமன் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"பிரிண்டர் மறுபடியும் படுத்துடுச்சி. ராத்திரி அக்கா பொண்ணு வனஜா ஜாதகத்தை எடுக்கலாம்னு பார்த்தா, தமிழ் எழுத்து ஒண்ணுகூட வரல. எல்லாம் இங்கிலீஷ் குப்பையா கொட்டுது. மேடத்துக்குச் சொல்லியிருக்கேன், இன்னைக்குப் போன் பண்ணுவாங்க. நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்னு சொல்லிடு."

"ம்."

"மரியாதையா பேசு."

லேஸை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு அவன் பாட்டுக்கு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டான். வரலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரியாதையாகப் பேச வேண்டுமாம். யாரிடம்? அவளிடம். யார் பேச வேண்டும்? நான்.

துணி துவைக்கும்போதும் அதே வார்த்தை. அரிசி களையும்போதும் அதே வார்த்தை. கடைசியில் போன் அடித்தபோது ஈரக் கையோடுதான் போய் எடுத்தாள்.

"ஹலோ, உத்தமன் சார் வீடுங்களா? குல்ஷன் பேசறேன். பிரிண்டர் விஷயமா சார் கூப்பிட்டிருந்தாங்க."

முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டாள். குழைவும் இல்லை, கொஞ்சலும் இல்லை. சளி பிடித்த மாதிரி லேசான கரகரப்பு. நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைக்கிற குரல். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள்.

வைத்த கை எடுக்கும் முன்பே மறுபடியும் மணி. இந்தத் தடவை அவள் எடுக்கவில்லை. பக்கத்திலேயே நின்று, அது அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்ந்ததும் வீடே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

அந்தச் சந்தோஷம் குழம்பு கொதிக்கிற வரைக்கும்கூட நிலைக்கவில்லை.

"வரலட்சுமி! ஏ வரலட்சுமி!"

செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்தாள் புஷ்பா. உத்தமனின் அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. புடவைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள்.

"வேப்பம்பட்டு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நாளைக்கு வர்றேன்னாங்க இல்ல? இன்னைக்கே வர்றாங்களாம்டி! சாயங்காலம் வண்டிக்கு. நாளைக்கு அவங்க ஊட்ல யாருக்கோ வளைகாப்பாம். எங்க கீது வனஜா ஜாதகம்? எடுத்துட்டானா?"

வரலட்சுமிக்குக் கை நின்றுவிட்டது.

வனஜா புஷ்பாவின் ஒரே பெண். பி.காம் முடித்து வீட்டில் இருக்கிறாள். பையன் ஆவடியில் கவர்ன்மென்ட் ஃபேக்டரியில் வேலை. பையனின் அம்மா, 'கையெழுத்து ஜாதகம் எங்க ஜோசியருக்குப் புரியல, கம்ப்யூட்டர் ஜாதகமாக் குடுங்க' என்று கேட்டிருந்தாள். புஷ்பா சும்மா விடுவாளா? 'எங்க தம்பி ஊட்லயே கம்ப்யூட்டர் கீது' என்று ஒரு தூக்கு தூக்கி வைத்திருந்தாள்.

"இன்னும் எடுக்கல அண்ணி. பிரிண்டர் ரிப்பேரு."

"ரிப்பேரா? அவன் கம்பெனிக்கு இப்பத்தான் போன் போட்டேன். ஸ்டாக் எடுக்கறாங்களாம், ஆளைக் கூப்பிட மாட்டாங்களாம், சேதி மட்டும் சொல்வாங்களாம்." புஷ்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு எடம் தட்டிப் போய் இது நாலாவது. கம்ப்யூட்டர் கீதுன்னு பீத்திக்கினேனேடி. இப்ப வெறுங்கையோட நின்னா அந்தம்மா இன்னா நெனைப்பா? அந்த மேடம் யாரோ கீறாங்களே, அவங்களுக்கு ஒரு போன் போடேன்."

இதற்குத்தான் வரலட்சுமி பயந்தாள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தானாக வந்த போனை வெட்டியவள் அவள். அந்த மேடம் இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுத்திருந்தால் இந்நேரம் ஜாதகம் கையில் இருந்திருக்கும். வனஜாவின் கல்யாணத்துக்குக் குறுக்கே தன் வயிற்றெரிச்சல் போய் நின்றுவிட்டது என்று நினைத்தபோது அவளுக்குக் காது சூடானது.

"நீங்களே பேசுங்களேன் அண்ணி."

"எனக்கு இன்னாடி தெரியும்? நீதான் தெனமும் பக்கத்துலயே கீற."

வேறு வழியில்லை. காலண்டர் ஓரத்தில் உத்தமன் எழுதி வைத்திருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்துச் சுழற்றினாள்.

"வணக்கம், குல்ஷன் பேசறேன். சொல்லுங்க."

அதே கரகரப்பு. உத்தமன் சம்சாரம் என்று சொன்னால், காலையில் 'ராங் நம்பர்' சொன்னது யார் என்ற கேள்வி வரும்.

"நான்... உத்தமனோட அக்கா. புஷ்பா பேசறேன்."

நாற்காலியில் இருந்த நிஜப் புஷ்பா வாயைப் பிளந்தாள். 'அடிப்பாவி' என்று உதடு மட்டும் அசைந்தது. வரலட்சுமி அவள் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மேடம்."

மேடம்.

இத்தனை நாளாக எந்த வார்த்தையைக் கேட்டு வயிறு எரிந்ததோ, அதே வார்த்தை அவளைப் பார்த்து வந்தது. அதுவும் குல்ஷனிடமிருந்தே. பின்னால் இன்னும் இரண்டு போன்கள் அடித்துக்கொண்டிருப்பதும், ஒரு ஆண் குரல் "அந்த அம்பத்தூர் பார்ட்டி இன்னாச்சு?" என்று அதட்டுவதும் கேட்டது.

"ஜாதகம் எடுக்கணும். எழுத்தெல்லாம் இங்கிலீஷா வருது. கட்டமே வரல. கோழி கிளறின மாதிரி கீது."

"புதுசா ஏதாவது சாஃப்ட்வேர் ஏத்தினாரா சார்?"

"முந்தாநாளு ஏதோ சி.டி. தட்டு போட்டு ஏத்திகினு இருந்தாரு."

"அப்ப அதான் மேடம். பிரிண்டர்ஸ்னு ஒரு இடம் இருக்கு, அதுக்குப் போகணும். வழி சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

"ஸ்டார்ட், செட்டிங்ஸ், பிரிண்டர்ஸ்" என்றாள் வரலட்சுமி.

"அதேதான் மேடம். அங்க பிரிண்டர் பேர் எத்தனை இருக்குன்னு பார்த்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

வரலட்சுமி பின்னறைக்கு ஓடினாள். உத்தமன் நாற்காலியில் அவள் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. துடைப்பதற்காக மட்டுமே தொட்டிருந்த கம்ப்யூட்டர். பட்டனைப் போட்டாள். திரை விழிக்கும் வரைக்கும் கால் தரையில் நிலைக்கவில்லை. மவுஸைப் பிடித்ததும் அம்பு திரையின் ஓரத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. மெதுவாக இழுத்து வந்தாள். ஸ்டார்ட். செட்டிங்ஸ். பிரிண்டர்ஸ். அடுப்படியிலிருந்து காதால் எத்தனையோ தடவை போய் வந்த வழி. கண்ணால் பார்ப்பது இப்போதுதான்.

இரண்டு பெயர்கள் இருந்தன. திரும்பவும் ஹாலுக்கு ஓடினாள்.

"ரெண்டு பேரு கீதுங்க. ஒண்ணு நம்ம பிரிண்டர் மேல போட்டிருக்கற பேரு. இன்னொண்ணு ஜெனரிக், டெக்ஸ்ட் ஒன்லினு போட்டிருக்கு. அதுலதான் டிக் கீது."

"அருமை மேடம்! அந்த ரெண்டாவது பேர்ல போனா எழுத்தை மட்டும்தான் அடிக்கும், அதுவும் வெறும் இங்கிலீஷ் எழுத்து. கட்டம் போடத் தெரியாது, தமிழ் தெரியாது. உங்க பிரிண்டர் பேர் மேல அம்பை வச்சு, மவுஸ்ல வலது பக்கத்துப் பட்டனை அமுக்குங்க. ஒரு பட்டியல் விழும்."

"அதுல டிஃபால்ட்னு இருக்கறதை அமுக்கணும். அப்படித்தானே?"

"மேடம், நீங்க இதுக்கு முன்னாடி எங்கனா கிளாஸ் போனீங்களா?"

கிளாஸ்! பொறாமைப்பட்டு ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியுமா?

"வீட்ல பேசறதைக் கேட்டிருக்கேன்."

மறுபடியும் ஓட்டம். டிக் இடம் மாறியது. ராத்திரி உத்தமன் அடித்துவிட்டு அப்படியே விட்டிருந்த குப்பையெல்லாம் வரிசையில் காத்திருந்தது. அதையும் குல்ஷன் சொல்லி அவள் ஒவ்வொன்றாக நீக்கினாள். பிரிண்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டாள். வனஜாவின் ஜாதகத்தைத் திறந்து, பிரிண்ட் என்பதை அமுக்கினாள்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, ட்ர்ர்ர் என்று பிரிண்டர் தலையை அசைத்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட தொடர் பேப்பர் மேலே ஏறியது. முதல் வரி தமிழில் வந்தது.

"அண்ணி, இங்கயே நின்னு பேப்பரைப் பாருங்க. நான் போன்ல சொல்லிட்டு வந்துடறேன்."

புஷ்பா பிரிண்டரைக் கும்பிடாத குறையாக நின்றாள். வரலட்சுமி ஹாலுக்கு வந்து ரிசீவரை எடுத்தபோது மூச்சு வாங்கியது. முகம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"தமிழ் வந்துடுச்சிங்க!"

"சந்தோஷம் மேடம். முழுசா முடியட்டும், அப்புறம் வைக்கலாம்." குல்ஷன் குரலிலும் சிரிப்பு இருந்தது. "உத்தமன் சாரும் ரொம்பப் பொறுமை. சில பேர் போன்லயே கத்துவாங்க. சார் ஒரு நாளும் கத்தினதில்ல."

பொறுமையா? அந்த மனுஷனா? குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளுகிற ஆளா?

"ஆமா, புஷ்பா மேடம்னா, நீங்க வனஜாவோட அம்மாதானே?"

வரலட்சுமி திடுக்கிட்டாள். "ஆ... ஆமா."

"சார் சொல்லியிருக்காரு. இங்க என்கூடப் போன்ல பதில் சொல்ல இன்னொரு லேடி வேணும். எனக்கு ஒரு ஆளா முடியல. சார்கிட்ட யாராவது இருந்தா சொல்லுங்கன்னேன். எங்க அக்கா பொண்ணு வனஜா இருக்கா, திங்கக்கிழமை அனுப்பறேன்னாரு. பத்து மணிக்கு மேனேஜர் வந்துடுவாரு. வீட்ல சொன்னாரா?"

"இல்ல. இன்னும் சொல்லல." கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டாள். "அவர் சம்சாரத்தை அனுப்பலாமே?"

"நானும் அதைத்தான் முதல்ல கேட்டேன் மேடம். வீட்ல மிஸஸ் இருக்காங்களே, கம்ப்யூட்டரும் வீட்லயே இருக்கேன்னு. அவளுக்கு இதெல்லாம் வராதுங்கன்னுட்டாரு."

பின்னறையில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வரலட்சுமி ப்ளஸ் டூ பாஸ். டைப்ரைட்டிங் லோயர் முடித்து, ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டின மாதத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. இதெல்லாம் உத்தமனுக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த அன்று, 'டைப்பிங் தெரியுமாமே' என்று அவன்தானே கேட்டான்!

அவன் யாரைப் பார்த்துச் சிரித்தான் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் சின்ன விஷயமாகப் போய்விட்டது. அதைவிடப் பெரிய நெருப்பு ஒன்று உள்ளே பற்றியது. இந்தக் குல்ஷன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான்கு ஊர்க்காரர்கள் அவளைக் கூப்பிட்டு வழி கேட்கிறார்கள். நாளைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் வனஜா போய் உட்காருவாள். தூக்கி வளர்த்த பெண். அவளையும் மேடம் என்பார்கள். நான் குழம்புக்கு உப்பு பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அய்யய்யோ! வரலட்சுமி! எழுத்து மடிப்பு மேல ஏறிடுச்சிடி!" என்று பின்னறையிலிருந்து புஷ்பா கத்தினாள்.

முதல் பக்கம் சரியாக வந்திருந்தது. அடுத்ததில் தலைப்பு கொஞ்சம் மேலே. கடைசிப் பக்கத்தில் தசாபுத்தியின் முதல் வரி, பேப்பரைக் கிழிக்கிற துளைக்கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

அவள் போய்ச் சொன்னதும் குல்ஷன், "பேப்பர் சைஸ் மேடம். கம்ப்யூட்டர் ஒரு உயரம் நினைச்சிட்டிருக்கு, உங்க பேப்பர் வேற உயரம். ஒரு தாளை அளந்து பார்க்க முடியுமா?" என்றாள்.

தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்பு வரைக்கும் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு அங்குலம். கம்ப்யூட்டரில் ஏ ஃபோர் என்று இருந்தது. குல்ஷன் சொல்லச் சொல்லப் பேப்பர் என்ற பக்கத்துக்குப் போய், அளவைத் தன் கையாலேயே அடித்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய விரல்கள் தட்டச்சுப் பலகையில் தாமாகப் போய் அமர்ந்தன. அதைப் பார்க்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

இந்தத் தடவை எல்லாப் பக்கமும் கோட்டுக்குள் நின்றது. ராசிக் கட்டம் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. குல்ஷனிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

புஷ்பா அதைக் கிழிக்காமல் அப்படியே மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீ இல்லாட்டி இன்னைக்கு என் மானம் போயிருக்கும்டி" என்று வரலட்சுமியின் கன்னத்தை வழித்தவள், வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "ஆமா, எதுக்குடி என் பேரைச் சொன்ன?"

"சும்மாதான் அண்ணி. நீங்க போங்க, நேரமாவுது."

அவள் போனதும் வரலட்சுமி கதவைச் சாத்தினாள். வேலை விஷயத்தைப் புஷ்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிஜம்.

சொல்லாமலே விட்டுவிட்டால்? உத்தமன் இன்னும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் நிச்சயமானால் வனஜா வேலைக்குப் போவாளா என்ன? அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும்... இப்படியெல்லாம் போன நினைப்பை அவளே பயந்து பாதியில் நிறுத்தினாள். வனஜாவுக்கு முதல் முதலாகத் தாவணி கட்டிவிட்டதே அவள்தான்.

ரிசீவரை எடுத்து மறுபடியும் அதே நம்பரைச் சுழற்றினாள்.

"வணக்கம், குல்ஷன் பேசறேன்."

"நான் புஷ்பா இல்லீங்க. உத்தமன் சம்சாரம். பேரு வரலட்சுமி."

அவளே தொடர்ந்தாள்.

"காலையில ராங் நம்பர்னு வச்சதும் நான்தான்."

"அது தெரியும் மேடம்." குல்ஷன் சிரித்துவிட்டாள். "நாள் முழுக்கக் குரலை வச்சுத்தானே எனக்குப் பிழைப்பு. அதே குரல்தான்னு புரிஞ்சுடுச்சி, ஆனா புஷ்பான்னு பேர் சொன்னீங்களா, அதை நிஜமாவே நம்பிட்டேன். மிஸஸ் பத்திச் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. நான் சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்க சொன்னது நல்லதுதான்." வரலட்சுமி ஒயரை விரலில் சுற்றினாள். "அந்த வேலைக்கு நான் வந்தா பார்ப்பீங்களா?"

பின்னால் போன் ஒன்று அடித்து நின்றது.

"இருக்கறது ஒரே இடம் மேடம். வனஜாவை வரச் சொல்லியாச்சு. இப்ப அந்தப் பொண்ணை வேணாம்னு நான் சொல்ல முடியாது."

"அவளை வேணாம்னு சொல்லாதீங்க. நானும் வரேன்னுதான் கேக்கறேன்."

"அப்ப வாங்க. ரெண்டு பேரையும் மேனேஜர் பார்க்கட்டும்."

சாயங்காலம் புஷ்பா வீட்டில் பஜ்ஜி வாசனை தெரு முனை வரைக்கும் வந்தது. வேப்பம்பட்டிலிருந்து பையனின் அம்மா நாகம்மாவும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜாதகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தார்.

"சுத்தமா கீது. எங்க போட்டீங்க?"

"எல்லாம் நம்ம தம்பி ஊட்லதான்" என்று புஷ்பா பூரித்தாள். "தம்பி கூட இல்ல. தம்பி பொண்டாட்டிதான் போட்டா. இதோ, இவதான்."

காபித் தட்டோடு நின்ற வரலட்சுமியை நாகம்மா ஏற இறங்கப் பார்த்தாள். அப்போதுதான் உத்தமன் உள்ளே வந்தான். கம்பெனியிலிருந்து நேராக வந்தவன் கையில் பழப் பையோடு அப்படியே நின்றான்.

"ஜாதகம் வந்துடுச்சா? மேடம் ஊட்டுக்கே வந்துட்டாங்களா?"

"உன் பொண்டாட்டி எடுத்தாடா!"

"இவளா?" உத்தமன் சிரித்தான். "மேடம் போன்ல சொல்லச் சொல்ல எதையாச்சும் அமுக்கியிருப்பா."

வரலட்சுமி காபியை அவனுக்கு நீட்டினாள்.

நாகம்மா வனஜாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மாம்பழக் கலர் பட்டில் வனஜா அழகாகத்தான் இருந்தாள். "படிச்சிட்டுச் சும்மா கீதா, வேலைக்கு எதுனா போவுதா? தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பையன், வேலைக்குப் போற பொண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

புஷ்பாவின் முகம் விழுந்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி உத்தமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வேலைதானே? ரெடியா கீதுங்க. பூந்தமல்லியில கம்ப்யூட்டர் கம்பெனி. நானே சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு வனஜா போனா, அன்னைக்கே நாற்காலி."

"நெசமாவாடா?" என்று புஷ்பா அலறாத குறையாகக் கேட்டாள். வனஜாவின் கண் அகல விரிந்தது. நாகம்மா கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

இந்த நேரத்திலா சொல்வது? வரலட்சுமி கையில் இருந்த வெறும் தட்டைப் பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் பஸ்ஸ்டாண்டில் வனஜாவுக்கு எதிரே போய் நிற்பதா? அது இதைவிடக் கேவலம்.

"அன்னைக்கே நாற்காலின்னு சொல்ல முடியாதுங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. "ஒரு இடம்தான் கீதாம். மேடம் ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்காங்க."

உத்தமன் நெற்றியைச் சுருக்கினான். "ரெண்டு பேரா? இன்னொண்ணு யாரு?"

"நான்தான்."

நாகம்மா இவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா விளையாடறியா?" உத்தமன் பல்லுக்குள் கேட்டான். "இவங்க முன்னாடி இன்னா பேச்சு இது? உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"எனக்கு வராதுன்னு மேடத்துகிட்ட சொன்னீங்களாமே. வருதான்னு பார்த்துட்டு வரேன்."

உத்தமனின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. அவன் முகத்தில் கோபம் வந்தது, அதற்குப் பின்னாலேயே வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அது வெட்கமா, பயமா என்று வரலட்சுமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. புஷ்பா மட்டும் அவளையே வெறித்துப் பார்த்தாள். தன் பேரைச் சொல்லி என்னென்ன பேசியிருக்கிறாள் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாகம்மாதான் பேச்சை மாற்றினாள். "ஜோசியர்கிட்ட காட்டிட்டுச் சொல்லி அனுப்பறோம். பொண்ணு வேலை விஷயமும் தெரிஞ்சுடட்டும்" என்று எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்ப, உத்தமனும் புஷ்பாவும் வழியனுப்பத் தெரு முனை வரைக்கும் போனார்கள்.

வரலட்சுமி டம்ளர்களைப் பொறுக்கித் தட்டில் அடுக்கினாள். வனஜா உதவிக்கு வரவில்லை. வாசல் கதவில் சாய்ந்துகொண்டு, கழுத்துச் சங்கிலியை முறுக்கியபடி நின்றாள்.

"அத்தை."

"இன்னா கண்ணு?"

"மாமா பேசறப்பல்லாம் கேட்டுக் கேட்டே கத்துக்கினீங்களா?"

"ஆமா."

"எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாது. காலேஜ்ல ஒரு நாள் காட்டினாங்க, அவ்ளோதான்." வனஜா சிரித்தாள். உதடு மட்டும்தான் சிரித்தது. "திங்கக்கிழமை எந்தப் புடவை கட்டிகினு போகப் போறீங்க?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்தக் குரலில் என்ன இருந்தது என்று வரலட்சுமிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தனை நாள் அடுப்பைச் சிம்மில் வைத்துக்கொண்டு நின்றவள் அவள்.

"உள்ள வா" என்றாள் வரலட்சுமி. "போன்ல இன்னா கேப்பாங்க, எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். அப்புறம் உன் பாடு, என் பாடு."

வனஜா கதவை விட்டு நகரவில்லை.

"வேணாம் அத்தை" என்றாள் மெதுவாக. "நான் மாமாகிட்டயே கேட்டுக்கறேன்."